காபி எப்படி என்பது ஐந்தாவது கேள்வி

தை பிறந்த நாலாம் நாள் பக்கத்து வீட்டை இடிக்க ஆரம்பித்தார்கள். முன்னால் திண்ணையும் பின்னால் கிணறுமாக இருந்த பழைய தனி வீடு. அந்த இடத்தில் எட்டு ஃப்ளாட் வருகிறது. சேலையூரில் எங்கள் தெருவுக்கு இது ஐந்தாவது. இடிக்க இரண்டு வாரம், போர் போட இரண்டு நாள், அப்புறம் கம்பி வெட்டும் மெஷின். "எப்ப முடியும்?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். "ஆடிக்குள்ள முடிச்சிரலாம்மா" என்றார். எந்த வருடத்து ஆடி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடுகள் எழுதுகிறேன். காலை பத்தரைக்கு ஒரு மீட்டிங், மாலை நாலு மணிக்கு இன்னொன்று, இடையில் எழுத்து. சத்தத்தை வடிகட்டும் ஹெட்செட் இருக்கிறது. இருந்தும் ஒரு நாள் புனேயில் இருக்கும் மேனேஜர் பாதிப் பேச்சில் நிறுத்தி, பல் டாக்டரிடம் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேனா என்று கேட்டார். மறுநாளே லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சென்னையில் உட்கார்ந்து வேலை செய்ய நல்ல கஃபே எது என்று தேடினால் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு, பெசன்ட் நகர் என்றுதான் வரும். எங்கள் சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு தூரம் போவதாக இருந்தால் ஆபீஸுக்கே போகலாமே. தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து 2021இல் மாநகராட்சியாகவே ஆக்கிவிட்டார்கள். ஆனால் லேப்டாப்போடு உட்கார ஓர் இடம் என்றால் இன்னும் சிட்டிக்குப் போ என்கிறார்கள். அதனால் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை, கிழக்கே மேடவாக்கம் வரை, இரண்டரை மாதத்தில் பதினோரு இடங்களில் உட்கார்ந்து பார்த்தேன். மேசை, பிளக், நெட், எவ்வளவு நேரம் உட்காரலாம், இந்த நாலு கேள்விக்கு அப்புறம்தான் காபி எப்படி என்பது. எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. நாலைந்தைச் சொன்னால் மீதி என்ன ரகம் என்று தெரிந்துவிடும். கடைகளின் பெயரும் போடவில்லை. குறை சொல்லும் கடைகளுக்கு நாளைக்கு நான் மறுபடி போக வேண்டியிருக்கும். நல்ல கடையிலோ லேப்டாப்புக்கென்று மொத்தமே நாலு நாற்காலி.

பையில் லேப்டாப் தவிர மூன்று சாமான்கள். ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. ஏசிக்கு ஒரு சால்வை. அப்புறம் அம்மாவின் தையல் டேப், மஞ்சள் நிறம், ஒரு முனையில் தகரம் பிய்ந்துபோனது. டேப் இரண்டாம் நாள்தான் பைக்குள் வந்தது. காரணம் முதல் நாள் போன இடம்.

அது ஜிஎஸ்டி ரோட்டில் (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) ஒரு பெரிய செயின் கஃபே. கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு, மெத்தென்று சோபா. சோபாவைப் பார்த்ததும் இன்றைக்கு ராஜ வாழ்க்கை என்று நினைத்தேன். மூன்று மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. மறுநாள் டேப்போடு போய் அளந்தேன். மேசை உயரம் 17 அங்குலம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை 30. கோப்பையை வைத்து எடுப்பதற்காகச் செய்த மேசையில் லேப்டாப்பை வைத்தால், சோபாவின் விளிம்புக்கு வந்து, முழங்காலை அகட்டி, நெல் நாற்று நடுகிற மாதிரிக் குனிய வேண்டியதுதான். மடியில் வைத்துக்கொண்டால் தொடை வேகிறது.

பிளக் பாயின்ட் இருந்தது. ஆனால் ஏசியும் கீசரும் செருகும் 16 ஆம்பியர் பவர் பாயின்ட். லேப்டாப் சார்ஜருக்கு இருப்பது 6 ஆம்பியர் பின். அந்தப் பெரிய ஓட்டையில் அது பொருந்துவதே இல்லை. இரண்டு வகைப் பின்னும் சேருகிற சாக்கெட் எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் தொங்குகிறது. சுவரில் செங்கல் தெரிகிற மாதிரி டிசைன் செய்யச் செலவழித்தவர்களுக்கு அது தோன்றவில்லை. வைஃபைக்குப் போன் நம்பர் கொடுத்து ஓடிபி வாங்கி நுழைய வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே தள்ளியது. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் கம்பெனி விபிஎன் அதில் ஏறவே இல்லை.

காபுச்சினோ 5 சதவீத ஜிஎஸ்டியோடு 290 சொச்சம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி. எடுத்துவிடுங்கள் என்றேன், மறு பேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் தானாகவே அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. ஆனாலும் கேட்டால்தான் எடுக்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன், யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. இந்த வகைக் கடை நம் பக்கம் வந்ததே அப்படித்தான். 1996இல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தபோது அது இன்டர்நெட் பார்க்கப் போகும் கடை, காபி கூடவே வந்தது. அன்றைக்குக் கம்ப்யூட்டரும் இணைப்பும் அவர்களுடையது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் நம்முடையது, இணைப்பும் பாதி நேரம் நம் போனிலிருந்துதான். கடைக்காரர் தர வேண்டியது நாற்காலியும் மேசையும் மட்டுமே. அதைப் போய்க் கோட்டை விடுகிறார்கள்.

டேப்பை வைத்து அளந்ததில் முதல் மார்க் வாங்கியது எது தெரியுமா? குரோம்பேட்டையில் ஒரு சைவ ஹோட்டலின் ஏசி ஹால். கிரானைட் மேசை, சரியாக 30 அங்குலம். முதுகு நிமிர்ந்த நாற்காலி. காபி டபரா செட்டில், 45 ரூபாய், நுரை ஆறுவதற்குள் சர்க்கரை கரைந்துவிடும் சூடு. ஆனால் அங்கே உட்கார நேரம் தெரிந்திருக்க வேண்டும். காலை டிபன் கூட்டம் பத்தரைக்கு வடிந்துவிடும், பன்னிரண்டுக்கு மீல்ஸ் வரும். நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஹால் காலியாகவே கிடக்கும். அதே மாதிரி மூன்றிலிருந்து நாலு. இந்த இரண்டு இடைவெளியில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நேரம் தாண்டினாலும் வாயால் சொல்ல மாட்டார்கள். முதலில் தண்ணீர் டம்ளர் போகும். அப்புறம் ஒருவர் வந்து ஈரத் துணியால் லேப்டாப்பைச் சுற்றி நாலு பக்கமும் துடைப்பார், தீவைச் சுற்றிக் கடல் மாதிரி. அதற்கும் நாம் அசையவில்லை என்றால் சோம்புத் தட்டில் பில் வரும். பில் வந்த பிறகும் உட்கார்ந்திருப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பிளக் பாயின்ட் கிடையாது, வைஃபை கிடையாது, மீட்டிங் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் பிரின்ட் எடுத்த பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்த அதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. பத்து ரூபாய் டிப்ஸுக்குப் பதில் இருபது வைத்துவிட்டு வருவேன். அந்த அண்ணன் இரண்டாவது வாரத்திலிருந்து எனக்கு மூலை மேசையைக் காட்ட ஆரம்பித்தார்.

இதேபோல் உட்கார, ஆனால் காசே இல்லாமல், ஓர் இடம் கிளை நூலகம். அமைதி உண்டு, மின்விசிறி உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. பேச முடியாது, பிளக் கேட்டால் நூலகர் பாவமாகப் பார்க்கிறார். எழுத மட்டும் என்றால் போகலாம்.

வைஃபை பற்றி ஒரு விஷயம். கடைக்காரர்கள் எல்லோரும் "நூறு எம்பிபிஎஸ் மேடம்" என்பார்கள். (வீட்டில் நான் இந்த வார்த்தையைச் சொன்னதும் அத்தை, "யாரு, அந்தக் கடைக்காரப் பையன் டாக்டரா?" என்றார்.) அந்த நூறு நமக்கு வந்து இறங்கும் வேகம். படம் பார்க்க அது போதும். மீட்டிங்கில் நம் முகமும் குரலும் இங்கிருந்து ஏறிப் போக வேண்டும். அந்த ஏறும் வேகம்தான் கேட்க வேண்டியது. ஒரு சாதாரண வீடியோ மீட்டிங்குக்கு இரண்டு, மூன்று எம்பிபிஎஸ் நிலையாக ஏறினால் தாராளம். நான் பார்த்த இரண்டு கடைகளில் இறங்குவது 80, ஏறுவது ஒன்றுகூடத் தேறவில்லை. 'உங்க வாய்ஸ் கட் ஆகுது' என்று மறுமுனையில் சொல்வார்கள், நமக்கோ அவர்கள் பேசுவது மணி மணியாகக் கேட்கும். போய் உட்கார்ந்ததும் ஆர்டர் கொடுக்கும் முன்பே ஸ்பீடு டெஸ்ட் போட்டுவிடுங்கள். மெனு கார்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு போடலாம்.

கரண்ட் விஷயம் இன்னும் பெரிய கதை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் இரண்டு மணிக்குத்தான் வரும். பேப்பரில் முதல் நாளே ஊர் ஊராகப் பெயர் போட்டுவிடுவார்கள், ஆனாலும் நாம் பார்ப்பது ஒன்பதே காலுக்கு. எங்கள் பகுதிக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது இன்வெர்ட்டர் இருக்கும் ஒரு கடைக்கு ஓடினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, வைஃபை மட்டும் செத்துக் கிடந்தது. கடையில் ரவுட்டருக்குக் கரண்ட் இருந்து என்ன பயன், தெருவில் கம்பத்தில் தொங்கும் கேபிள்காரர் பெட்டிக்குக் கரண்ட் இல்லையே. சரி, போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடலாம் என்றால் ஏரியாவில் எல்லோரும் அதையே செய்கிறார்கள், 5ஜியும் மூச்சு வாங்குகிறது. மீட்டிங்குக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, ரயில்வே வைஃபையில் அந்த இலவச அரை மணி நேரத்தைச் செலவு செய்து அந்த வாரத்து ஃபைலை அனுப்பினேன். மீட்டிங்குக்கு மைக்கை மட்டும் போட்டேன். நடுவில் செங்கல்பட்டு வண்டி அறிவிப்பு வந்தது. புனேயில் இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை, பழகிவிட்டது போல.

அதிலிருந்து புதுக் கடைக்குப் போனால் வைஃபை இருக்கா என்று கேட்பதில்லை. "கரண்ட் போனா நெட் இருக்குமா?" என்றுதான் கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்தவர் கடையில் உட்காரலாம்.

ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு பேக்கரி. கீழே பப்ஸ், டீ கேக், ஹனி கேக். மாடியில் ஃபேமிலி ரூம் என்று போர்டு. பன்னிரண்டு மணிக்குப் போனால் மூலையில் ஒரு காதல் ஜோடி, இன்னொரு மூலையில் நான், நடுவில் ஒரு வாட்டர் கூலர். மேசை 28 அங்குலம், பிளக் சரியான பிளக், மாஸ்டர் போடும் டீ 20 ரூபாய். இரண்டு நாள் சொர்க்கமாக இருந்தது. மூன்றாம் நாள் நாலு மணி மீட்டிங்கில் என் முறை, திரையைப் பகிர்ந்து புதுக் கையேட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். படியேறி முப்பது பேர் வருகிறார்கள், கையில் கேக். குழந்தைக்கு முதல் பிறந்தநாள். பார்ட்டி பாப்பர் ஒன்று என் காதுக்கு இரண்டடி தள்ளி வெடித்து, ஜிகினா கீபோர்டில் விழுந்தது. எட்டாம் எண்ணுக்குக் கீழே இன்னும் ஒரு துண்டு வெள்ளி மின்னுகிறது, எடுக்க வரவில்லை. அந்தக் குழந்தையின் பாட்டி வந்து, "மன்னிச்சுக்கம்மா" என்று ஒரு பேப்பர் தட்டில் கேக்கும் சிப்ஸும் வைத்துவிட்டுப் போனார். கேக் நன்றாக இருந்தது. கடையைத் திட்ட மனம் வரவில்லை. ஹால் புக் ஆகியிருக்கிறது என்று கீழேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

பல்லாவரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை வேண்டாம். சந்தை நாள். பழைய சைக்கிள் பெடலிலிருந்து ரோஜாச் செடி வரை விற்கும் அந்தச் சந்தையை வேடிக்கை பார்க்கப் போகலாம், மீட்டிங்குக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. மற்ற நாட்களில் விமானம். மைக்கை எந்த நேரத்தில் மியூட் செய்ய வேண்டும் என்று ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

வேலை செய்ய மேசையை வாடகைக்கு விடும் கோ-வொர்க்கிங் இடமும் பார்த்தேன், மேடவாக்கத்தில், நாள் ஒன்றுக்கு 450 ரூபாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசை 29, நாற்காலி சுழலும், பேசக் கண்ணாடிக் கூண்டு, ஜெனரேட்டர், இரண்டு கம்பெனி நெட் இணைப்பு. நாலு மணி நேரம் தொடர்ந்து பயிற்சி எடுக்க வேண்டிய நாளில் அங்கேதான் போகிறேன். தினமும் போனால் மாதம் பத்தாயிரம் ஆகிவிடும், அதற்கு மேஸ்திரிக்குக் கொடுத்துச் சீக்கிரம் முடிக்கச் சொல்லலாம். அரசாங்கம் 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று ஒன்றைத் திறந்தது. வேலை செய்யத் தனி இடம், படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி இடம். திறந்தபோது வேலை செய்யும் இடத்துக்கு முழு நாளுக்கு நூறு ரூபாய். கொளத்தூர் எங்களுக்கு நகரத்தின் அந்தக் கோடி. அப்படி ஒன்று தாம்பரம் பக்கம் வந்தால் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பேன்.

இனி அந்த நல்ல கடை.

சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் வீடு. வீடுதான். மாடியில் குடும்பம் இருக்கிறது, கீழ் போர்ஷனில் இருந்த குடித்தனக்காரர் காலி செய்ததும் மகன் அதைக் கடையாக்கிவிட்டார். வயது முப்பதுக்குள். காம்பவுண்டுக்குள் ஒரு முருங்கை, ஒரு கொய்யா. வாசலில் சிமென்ட் திண்ணை, அதில் ஆறேழு பேர் உட்காரலாம். உள்ளே பழைய ஹாலில் வட்ட மேசைகள். பழைய படுக்கையறையில் இரண்டே இரண்டு நீள மேசைகள், நாலு மர நாற்காலிகள். அந்த அறை வாசலில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது:

"லேப்டாப் இருக்கை. 2 மணி நேரத்துக்கு ஒரு ஆர்டர். போன் பேசத் திண்ணை. ஞாயிறு லேப்டாப் இல்லை."

அதைப் படித்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. இரண்டு மாதமாக ஒவ்வொரு கடையிலும், இன்னும் எவ்வளவு நேரம் உட்காரலாம், இன்னொரு காபி சொல்ல வேண்டுமா, அந்தப் பையன் என்னைப் பார்த்தானா, கடிகாரத்தைப் பார்த்தானா என்றே பாதி மூளை ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கணக்கு சுவரில் இருக்கிறது. பத்து மணிக்கு ஒரு காபி, பன்னிரண்டுக்குப் பொடி இட்லி, இரண்டுக்கு மோர், நாலுக்குச் சுண்டல். முறையே 50, 80, 30, 40. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இருநூறு ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே முடிந்தது.

மேசை 29 அங்குலம். இரண்டு மேசைக்கும் அடியில் ஆளுக்கு ஒரு சாக்கெட், எல்லாப் பின்னும் சேருகிற ரகம். ஏறும் வேகம் நான் பார்த்தபோதெல்லாம் 30க்கு மேல். "கரண்ட் போனா நெட் இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்காதுக்கா. கம்பத்துப் பெட்டிக்கு பேக்கப் இல்ல. கட் அன்னைக்கு முன்னாடி நாளே வாட்ஸ்அப்ல சொல்லிடுவேன், வராதீங்க" என்றார். 'வராதீங்க' என்று சொல்லும் கடைக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காபி அவர் அம்மா கை. காலை ஆறு மணிக்கே பெரிய பித்தளை ஃபில்டரில் பொடியைப் போட்டு, அழுத்தாமல் மேலே சல்லடைத் தட்டை வைத்து, கொதித்த நீரை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். எண்பது பங்கு காபி, இருபது பங்கு சிக்கரி. பால் அடுப்பில் பொங்கும்போதே எடுப்பார், பொங்கி இறங்கிய பாலை மறுபடி சுட வைப்பது கிடையாது. முதல் டிகாக்ஷன் பதினொன்றரை வரை தாங்கும். அதற்கப்புறம் கேட்டால் இரண்டாவது டிகாக்ஷன், நிறம் இருக்கும், அந்தக் கசப்பு இருக்காது. இதை அந்த அம்மாவே சொன்னார்: "பன்னண்டுக்கு மேல காபி கேக்காத, மோர் குடி." அதனால்தான் என் கணக்கில் இரண்டு மணிக்கு மோர்.

ஒரு மதியம் கூட்டம் இல்லாதபோது கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன், இந்த இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று.

"மொதல்ல இந்த போர்டு இல்லக்கா. அம்பது ரூபா காபி ஒண்ணு வாங்கிட்டுக் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நாலு பேர் இருப்பாங்க. மொத்தம் எரநூறு. பால், கேஸ், கரண்ட் போக என்ன நிக்கும்? இந்த போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தாலே மாசம் பதினெட்டாயிரம். அதுக்குக் கீழ போச்சுன்னா அம்மா கடையைச் சாத்திட்டு வேற குடித்தனம் வச்சிருவாங்க."

"அப்ப லேப்டாப்பே வேண்டாம்னு போட்டிருக்கலாமே?"

"நானும் வீட்லேருந்து வேலை பார்த்தவன்தான்க்கா" என்றார். "கட்டில்ல உக்காந்து ரெண்டு வருஷம். முதுகு போயிடுச்சு. அப்புறம்தான் இதை ஆரம்பிச்சேன்."

அதற்குப் பிறகு அந்த 17 அங்குல மேசைக்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. அந்த மேசையைத் தேர்ந்தெடுத்தவர் அதில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

குறைகள் இருக்கின்றன. பாத்ரூம் குடும்பம் இருக்கும் வீட்டுக்குள், அவர்கள் ஹாலைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே தம்பியின் அப்பா சத்தமாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார், ஒவ்வொரு முறையும் "வாங்க வாங்க" என்பார். கூச்சமாக இருக்கும். ஆனால் சுத்தம், தாழ்ப்பாள் போடலாம், உள்ளே பையை மாட்ட ஆணி இருக்கிறது. தனியாகப் போகிற பெண்களுக்கு இந்த ஆணியின் அருமை தெரியும். லேப்டாப்பை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலையும் இங்கே இல்லை, "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று அந்த அம்மா கரண்டியோடு வந்து அறை வாசலில் நிற்பார். பெரிய கடைகளில் நான் லேப்டாப்பைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டி, திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் வேறு ஆள்.

மீட்டிங்குக்குத் திண்ணை என்பது காலையில் சரி. நாலு மணிக்கு ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி, ஐந்தரைக்கு மேல் கொசு. கேமராவில் நான் அடிக்கடி என்னையே அறைந்துகொள்வதைப் பார்த்துவிட்டு யாரோ என்னிடம் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். மர நாற்காலிக்கு மெத்தை இல்லை, இரண்டாவது மணி நேரத்தில் தெரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பத்தே காலுக்குள் போகாவிட்டால் இடம் இல்லை. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் சீசனில் நாலு நாற்காலியையும் பிடித்துவிடுகிறார்கள், ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர். கார் நிறுத்த இடமே இல்லை, ஸ்கூட்டி என்றால் கொய்யா மரத்தடி.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே. ஒரு நாள் குரோம்பேட்டை கிரானைட் மேசை, திருத்தம் இருந்தால். மீதி வீட்டில், கதவை எல்லாம் சாத்திக்கொண்டு. பக்கத்து வீட்டில் இரண்டாவது மாடித் தளம் போட்டுவிட்டார்கள், இன்னும் டைல்ஸ் வெட்டுவது பாக்கி.

போன வாரம் கிளம்பும்போது தம்பி பின்னாலேயே வந்தார். "அக்கா, அந்த டேப்பை ரெண்டு நாளைக்குத் தர முடியுமா?" மூன்றாவது மேசைக்கு ஆசாரியிடம் சொல்லியிருக்கிறாராம், முருங்கைப் பக்கத்து ஜன்னலோரம். கொடுத்தேன். நாற்காலிக்கு மெத்தையையும் சேர்த்து அளந்துகொள்ளச் சொன்னேன்.